நீலகிரித் தேயிலை: அண்டை நாட்டுச் சந்தையும் வெளிநாட்டு முதலீடும் – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் பறித்த இலையும் கென்யாவில் பறித்த இலையும் தூளாகிச் சாக்கில் ஏறிவிட்டால் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சரக்கை இறக்கும் நாட்டின் சுங்க அதிகாரி டீ போட்டுக் குடித்துப் பார்த்து வரி விதிப்பதில்லை. தாளைப் பார்த்துத்தான் விதிக்கிறார். அக்கம்பக்கத்து நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வர்த்தக ஒப்பந்தங்களின் சலுகை தேயிலைக்குக் கிடைப்பதில்லை, அந்த இலை எங்கே விளைந்தது என்ற ஆதாரத்துக்குத்தான் கிடைக்கிறது. புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் சிறு தொழிற்சாலைக்காரர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், குன்னூர் ஏலத்தில் வாங்கி விற்க நினைப்பவர் எல்லாரும் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதுதான். இரண்டாவது, சரக்குக்கு வரும் பணமும் முதலீடாக வரும் பணமும் வேறு வேறு வாசல் வழியாக வர வேண்டும். இந்த இரண்டிலும் தவறினால் பின்னால் திருத்துவது பெரும்பாடு.

முதல் படி: எந்த நாடு, என்ன வரி

எடுத்தவுடன் வாங்குபவரைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் சரக்கின் எச்எஸ் குறியீட்டை, அதாவது சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணை, முடிவு செய்யுங்கள். தேயிலை 0902. அதற்குள் 3 கிலோவுக்கு மேற்படாத பொட்டலத்தில் உள்ள பச்சைத் தேயிலை 0902 10, மற்ற பச்சைத் தேயிலை 0902 20, 3 கிலோவுக்கு மேற்படாத பொட்டலத்தில் உள்ள கறுப்புத் தேயிலை 0902 30, அதற்கு மேல் சாக்கில் போகும் கறுப்புத் தேயிலை 0902 40. ஒரே தூளை அரைக் கிலோ பாக்கெட்டில் அனுப்பினால் ஒரு குறியீடு, சாக்கில் அனுப்பினால் வேறு குறியீடு. இரண்டுக்கும் வரி மாறக்கூடும் என்பதால் பொட்டல அளவை முதலிலேயே பேசி முடிக்க வேண்டும்.

அடுத்து, அந்த நாட்டின் பொது வரியையும் சலுகை வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிங்கப்பூர் ஏறக்குறைய எல்லாப் பொருளையும் வரியில்லாமலே உள்ளே விடும் நாடு. அங்கே அனுப்ப, ஒப்பந்தச் சலுகைக்கான விளைந்த நாட்டுச் சான்றுக்கு ஓடுவதில் லாபம் இல்லை. பொது வரி உயரமாகவும் ஒப்பந்த வரி தாழ்வாகவும் இருக்கும் நாட்டில்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும் நீங்களும் வாங்குபவரும் பேசிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பணம். புதியவர்கள் பெரும்பாலும் இதைப் பேசாமலே விட்டு, முழுச் சலுகையையும் வாங்குபவருக்குத் தாரைவார்த்து விடுகிறார்கள்.

நமக்குப் பயன்படக்கூடிய ஒப்பந்தங்கள்: தெற்காசிய நாடுகளின் சாஃப்டா 2006 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இந்திய–இலங்கை ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆசியான் நாடுகளுடனான சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1, ஜப்பானுடன் 2011 ஆகஸ்ட் 1, ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2022 மே 1, ஆஸ்திரேலியாவுடன் 2022 டிசம்பர் 29. ஒவ்வொன்றிலும் வரிச்சலுகை கொடுக்காத பொருள்களுக்கென ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் குறியீடு அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

இலங்கை பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே தேயிலை விற்கக் கிளம்புபவர்கள் உண்டு. சிலோன் டீ என்ற பெயரைக் காக்க அந்த நாடு தேயிலை இறக்குமதியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. கலந்து மறு ஏற்றுமதி செய்பவர்களும் அனுமதி பெற்றுத்தான் கொண்டுவர முடியும். பக்கத்து நாடு என்பதாலேயே அது சந்தையாகிவிடாது.

எதிர்த்திசையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குன்னூர் ஏல விலையை அதுவும் அசைக்கிறது. இந்தியாவின் பொதுத் தேயிலை வரி 100 விழுக்காடு. ஆசியான் நாடுகளுக்கு அது 2019 கடைசிக்குள் படிப்படியாக 45 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்று ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை 7.5 விழுக்காடு. நேபாளத் தேயிலைக்கு வரியே இல்லை.

மிளகு கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்த பாடம். இலங்கைக்குக் கொடுத்த சலுகையில் வேறு நாட்டு மிளகும் நுழைகிறது என்று விவசாயிகள் முறையிட்டு, கடைசியில் 2017 டிசம்பரில் மைய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. விளைந்த நாட்டு விதிகள் எதற்கு இவ்வளவு கறாராக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. நம்மைக் காக்கும் அதே விதிதான் நம் சரக்கையும் வெளிநாட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறது.

இரண்டாம் படி: பதிவுகள்

நிறுவனப் பெயரில் பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயரில் இருக்கட்டும். பிறகு டிஜிஎஃப்டி (மைய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) இணையதளத்தில் ஐஇசி என்ற ஏற்றுமதி–இறக்குமதியாளர் எண். கட்டணம் 500 ரூபாய். நம் பகுதிக்கு டிஜிஎஃப்டியின் மண்டல அலுவலகம் கோயம்புத்தூரில் உள்ளது, ஆனால் வேலை முழுதும் இணையத்திலேயே முடிந்துவிடும். ஐஇசி விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றாலும் உள்ளே போய் உறுதி செய்தே ஆக வேண்டும். விட்டால் எண் செயலிழக்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும் நாளில்தான் அது தெரியவரும்.

தேயிலைக்கு இவை போதா. 2005-ஆம் ஆண்டு ஆணைப்படி தேயிலை வாரியத்தின் ஏற்றுமதியாளர் உரிமம் வேண்டும். வாரியத்தின் அலுவலகம் குன்னூரிலேயே இருப்பது நமக்கு வசதி. ஏலத்தில் வாங்கப் போகிறவர் வாங்குபவராகவும், சொந்தத் தொழிற்சாலை உள்ளவர் உற்பத்தியாளராகவும் தனியே பதிவு செய்ய வேண்டும். ஆர்சிஎம்சி என்ற உறுப்பினர் சான்றையும் வாரியத்திடமே பெறலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் ஏற்றுமதி செய்பவர் என்ற பிரிவும் சேர்ந்திருக்க வேண்டும்.

ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுழி. ஆனால் வரி கட்டாமல் அனுப்ப ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி என்ற உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரல் முதல் வாரத்தில் பில் போடுபவர்கள் பழைய எல்யூடியோடு போட்டுவிட்டுத் தவிப்பது வாடிக்கை. வங்கியிடம், அந்நியச் செலாவணி கையாளும் அதன் கிளையைக் குறிக்கும் 14 இலக்க ஏடி குறியீடு வாங்கி, எந்தத் துறைமுகம் வழியாக அனுப்புகிறீர்களோ அங்கே பதிவு செய்ய வேண்டும். கொச்சியில் பதிந்துவிட்டுத் தூத்துக்குடியில் போய் நின்றால் ஷிப்பிங் பில் (சுங்கத்தில் பதியும் ஏற்றுமதிப் படிவம்) ஏறாது. இரண்டிலும் பதிந்து வைப்பது நல்லது.

மூன்றாம் படி: இலைக் கணக்கு

இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வோம். தோட்டத்தில் விளைந்த இலையை இந்தியாவிலேயே பதப்படுத்திய தேயிலைக்கு ‘முழுமையாக இந்தியாவில் விளைந்தது’ என்ற தகுதி உண்டு. மதிப்புக் கூட்டல் எத்தனை விழுக்காடு என்ற சிக்கலான கணக்குக்குள் போகவே வேண்டியதில்லை. நமக்கு இயல்பாகவே கிடைத்திருக்கும் அனுகூலம் இது. இதை இழப்பது இரண்டே வழிகளில்: வெளிநாட்டுத் தேயிலையைக் கலப்பது, அல்லது கலக்கவில்லை என்று காட்டக் கணக்கு இல்லாமல் இருப்பது.

வெளிநாட்டுத் தூளைக் கொண்டுவந்து இங்கே கலந்து சாக்கு மாற்றினால் அது இந்தியச் சரக்கு ஆகாது. கலப்பது, சலிப்பது, பொட்டலம் கட்டுவது எல்லாம் ஒப்பந்தங்களின் மொழியில் போதாத வேலைகள். தொழிற்சாலை வைத்திருப்பவர் நாள்வாரியாக நான்கு ஏடுகள் வைக்க வேண்டும். விவசாயி அல்லது இலை ஏஜெண்ட் வாரியாக வந்த பசுந்தேயிலை எடை. வாட்டும் தொட்டியில் ஏறிய எடை. ஆன தூளின் எடை, தரம்வாரியாக. இன்வாய்ஸ் எண்ணோடு வெளியேறிய சாக்குகள். ஏறக்குறைய நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது பொதுக் கணக்கு. மழைநாளில் ஈர இலை வரும்போது இன்னும் கூடுதல் இலை பிடிக்கும். சரிபார்க்க வருபவர் முதலில் போடுவது இந்த வகுத்தல்தான். வந்த இலையைவிட வெளியேறிய தூள் பொருத்தமில்லாமல் அதிகம் என்றால் மற்ற எந்தத் தாளும் உங்களைக் காப்பாற்றாது.

ஏலத்தில் வாங்கி அனுப்புபவர் தொழிற்சாலைப் பெயர், இன்வாய்ஸ் எண், லாட் (ஏலத்தில் ஒரே தொகுதியாக விற்கும் சரக்கு) எண், ஏல நாள் நான்கையும் ஒரே வரியில் எழுதி, அதற்கு நேரே ஏற்றுமதி இன்வாய்ஸ் எண்ணைக் குறித்து வர வேண்டும். பல லாட்டுகளைக் கலந்தால் கலவைத் தாள் ஒன்று: எந்த லாட்டில் எத்தனை கிலோ, எந்த நாள்.

‘நீலகிரி’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது இலையை உருட்டிச் செய்யும் பழைய முறையான ஆர்த்தோடாக்ஸ் தேயிலைக்குரியது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறைத் தூள் பாக்கெட்டில் அந்த முத்திரையை அச்சிடக் கூடாது. ஆர்த்தோடாக்ஸ் செய்பவரும் வாரியத்தின் அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டும். இம்மலையின் பெயர் பல தலைமுறை உழைப்பில் சேர்ந்த சொத்து. ஒரு கண்டெய்னர் கலப்படம் அதைக் கெடுக்கப் போதும்.

நான்காம் படி: சாம்பிள், விலை, பணம்

சாம்பிளை அனுப்பும் அன்றே அதே லாட்டிலிருந்து இன்னொரு பங்கை எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் தேதியிட்டு வையுங்கள். சரக்கு போய்ச் சேர்ந்தபின் ‘இது அந்தத் தேயிலை இல்லை’ என்ற பேச்சு வந்தால் பதில் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3720 தரப்படி கறுப்புத் தேயிலைக்கு நீர்ச்சாறு குறைந்தது 32 விழுக்காடு, மொத்தச் சாம்பல் 4 முதல் 8 வரை, நார் 16.5-க்கு மேல் போகக் கூடாது. இந்த மூன்றோடு பூச்சிமருந்து எச்ச அளவுக்கும் ஆய்வகச் சான்று எடுங்கள். எச்ச வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் மிகக் கடுமை. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் இல்லாத மருந்தை இலை கொடுக்கும் விவசாயி அடித்திருந்தால் தொழிற்சாலையில் எதுவும் செய்ய முடியாது. ஆகவே பேச்சு தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் கண்டெய்னருக்கு ஒரு பகுதி முன்பணம், மீதி வங்கி வழியே ஆவணம் கொடுத்தபின், அல்லது பார்வை எல்சி (ஆவணத்தைக் காட்டியதும் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்). கடன் பேரில் அனுப்பும் யோசனை முதல் ஆண்டில் வேண்டாம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இசிஜிசி என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். எல்சியில் வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் சேர்க்க வேண்டும். மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே தாள்கள் அலையும்போது அந்த 21 நாள் சீக்கிரம் கரைந்துவிடும். எல்சி வரைவு வந்ததும் தேயிலைத் தரத்தின் பெயர், சாக்கின் எண்ணிக்கை, எடையில் எவ்வளவு கூடுதல் குறைவு ஏற்கப்படும் என்பதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, பிடிக்காததைத் திருத்தச் சொல்லுங்கள். எல்சி திறந்தபின் திருத்தம் கேட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கட்டணம்.

ஐந்தாம் படி: சாக்கும் சாலையும்

மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். 40 அடி கண்டெய்னரைக் குன்னூருக்கு ஏற்றிவரும் யோசனையை விட்டுவிடுங்கள். லாரியில் இறக்கி, சமவெளியில் ஒரு கிடங்கிலோ துறைமுகச் சரக்கு நிலையத்திலோ கண்டெய்னரில் அடுக்குவதே நடைமுறை. வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவால் சாலை அடைபடுவது உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கப்பல் கெடுவுக்கு நான்கைந்து நாள் முன்பே சரக்கை மலையிறக்கி விடுங்கள்.

கண்டெய்னரில் எவ்வளவு ஏறும் என்பதை ஊகித்து விலை சொல்லாதீர்கள். 20 அடிப் பெட்டியின் உள்கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அடுக்கும்போது பயன்படுவது 28 என்று வையுங்கள். நிரப்பிய காகிதச் சாக்கு ஒன்றை அளந்தால் 1.1 மீட்டர் நீளம், 0.7 அகலம், 0.2 உயரம் என்று வைத்துக்கொண்டால் 0.154 கன மீட்டர். சுமார் 180 சாக்கு பிடிக்கும். அதே சாக்கில் டஸ்ட் என்ற பொடித்தூள் 50 கிலோ நின்றால் 9,000 கிலோ, நீள் இலை ஆர்த்தோடாக்ஸ் 30 கிலோ நின்றால் 5,400 கிலோ. கப்பல் கூலி இரண்டுக்கும் ஒன்றே. ஆர்த்தோடாக்ஸ் விலையில் கிலோவுக்கான கூலி ஏன் கூடுகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் விளங்கும். உங்கள் சாக்கை நீங்களே அளந்து போட்டுப் பாருங்கள்.

ஈரம் தேயிலையின் எமன். அடைக்கும்போது 3, 4 விழுக்காட்டில் இருந்தால் நல்லது. 7-ஐத் தாண்டினால் மணம் போய்ப் பூஞ்சை பிடிக்கும். மலைக் குளிரில் அடைத்த சாக்கு கொச்சி வெக்கையில் திறந்து கிடந்தால் ஈரத்தை இழுக்கும். உள்ளுறை உள்ள பலமடிக் காகிதச் சாக்கு, கண்டெய்னரின் உட்சுவரில் கிராஃப்ட் காகிதம், ஈரம் உறிஞ்சும் பைகள் மூன்றும் வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை: ஆளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி, எங்கிருந்தாவது வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள், வெளிச்சம் வரும் ஓட்டையில் தண்ணீரும் வரும். மூக்கையும் பயன்படுத்துங்கள். முன்பு மிளகாயோ சோப்போ ஏற்றிய பெட்டி என்றால் தேயிலை அந்த வாசனையைக் குடித்துவிடும்.

ஆறாம் படி: விளைந்த நாட்டுச் சான்று

சான்று இப்போது டிஜிஎஃப்டியின் மின்தளம் வழியாகவே வழங்கப்படுகிறது. முதலில் வழங்கும் அமைப்பைத் தேர்ந்து, உற்பத்தி விவரமும் இலை வாங்கிய ஆதாரமும் ஏற்றி, இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், கப்பல் ரசீது மூன்றையும் இணைக்க வேண்டும். தகுதி எது என்று கேட்கும் கட்டத்தில் ‘முழுமையாக விளைந்தது’ என்பதற்குரிய குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். மதிப்புக் கூட்டல் கட்டத்தைத் தேர்ந்துவிட்டு விழுக்காட்டுக் கணக்கில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

ஆசியான் சான்றைச் சரக்கேறும் போதோ, அடுத்த 3 வேலைநாளுக்குள்ளோ வாங்க வேண்டும். தவறினால் 12 மாதத்துக்குள் ‘பின்னிட்டு வழங்கியது’ என்ற குறிப்போடு பெறலாம்; ஆனால் அதற்குள் வாங்குபவர் முழு வரியைக் கட்டிச் சரக்கை எடுத்திருப்பார், அதைத் திரும்பப் பெறுவது அவர் நாட்டு விதியைப் பொறுத்தது.

சான்று நிராகரிக்கப்படும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. சான்றில் ஒரு எச்எஸ் குறியீடு, இறக்குமதிப் படிவத்தில் வேறொன்று. நிகர எடை இடத்தில் மொத்த எடை. துபாய் வணிகர் பில் போட, சரக்கு வேறு நாட்டுக்குப் போகும்போது மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடுவது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: தூத்துக்குடியில் ஏறும் பல கண்டெய்னர்கள் கொழும்பில் கப்பல் மாறுகின்றன. சரக்கு நேரடியாகப் போக வேண்டும் என்பது ஒப்பந்த விதி. கொழும்பில் சுங்கக் கண்காணிப்பில் இருந்து, பெட்டியைத் திறக்காமல் கப்பல் மட்டும் மாறினால் ஏற்பார்கள். அதைக் காட்ட, தூத்துக்குடியிலிருந்து கடைசித் துறைமுகம் வரை ஒரே கப்பல் ரசீதாக வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பு வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று இரண்டாக வாங்கினால் சலுகை போய்விடும்.

வாங்குபவர் பங்குதாரராக வர நினைத்தால்

இரண்டு மூன்று கண்டெய்னர் ஒழுங்காகப் போனபின், ‘தொழிற்சாலையில் நானும் பணம் போடுகிறேன்’ என்று கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் அடுத்த சரக்குக்கான முன்பணத்தோடு சேர்த்து அந்தப் பணத்தை வாங்கிவிடாதீர்கள். எதற்காக வருகிறது என்ற காரணக் குறியீடு வங்கியில் பதிவாகும். ஏற்றுமதி முன்பணம் என்று வந்ததைப் பின்னால் பங்கு முதலீடு என்று மாற்றுவது எளிதல்ல. கடனாக வாங்கினால் அதற்கு முற்றிலும் வேறு விதிகள்.

தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய், பாமாயில், ஆலிவ் தோட்டங்களில் 100 விழுக்காடு அந்நிய நேரடி முதலீடு தன்னியக்க வழியில், அதாவது முன் அனுமதி இல்லாமலே, வரலாம். நிலப் பயன்பாட்டை மாற்றினால் மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். வேறு தோட்டப் பயிர்களுக்கு இந்த வழி கிடையாது. தேயிலை பதப்படுத்தும் தொழிற்சாலையும் தன்னியக்க வழியில் அடங்கும்.

யார் பணம் என்பதும் முக்கியம். 2020 ஏப்ரல் 17 அன்று வந்த மைய அரசின் பிரஸ் நோட் 3 என்ற அறிவிப்பின்படி, இந்தியாவோடு தரை எல்லை உள்ள நாட்டிலிருந்தோ, அந்நாட்டவர் உண்மையான பயனாளியாக உள்ள நிறுவனத்திலிருந்தோ வரும் முதலீட்டுக்கு மைய அரசின் முன் அனுமதி வேண்டும். நேபாளமும் பூட்டானும் வங்கதேசமும் இதில் அடங்கும். இலங்கை, அமீரகம், சிங்கப்பூருக்குத் தரை எல்லை இல்லை. ஆனாலும் துபாய் நிறுவனத்தின் பின்னால் இருக்கும் உரிமையாளர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த விதி மாறிவரக்கூடியது. பணம் வாங்கும் நாளில் உள்ள நிலையை வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் பகுதியில் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகள் பல கூட்டு வணிக நிறுவனமாக, அண்ணன் தம்பி பங்குகளாக இருக்கின்றன. அந்நியர் அதில் பங்குதாரராக முடியாது. முதலில் பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும். சொத்துப் பத்திரம், மின் இணைப்பு, வாரியப் பதிவு எல்லாம் புதுப் பெயருக்கு மாறப் பல மாதம் பிடிக்கும் என்று கணக்கில் வையுங்கள்.

பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் என்ற இணையதளத்தில் எஃப்சி-ஜிபிஆர் என்ற பங்கு ஒதுக்கீட்டுப் படிவம் கொடுக்க வேண்டும். பங்கு விலை மதிப்பீட்டுச் சான்றில் உள்ள நியாய விலைக்குக் குறையக் கூடாது. முதலீட்டாளர் யார் என்று பணம் அனுப்பிய வங்கி உறுதி செய்து தரும் கேஒய்சி தாள் தாமதமாவதால்தான் 30 நாள் தவறுகிறது. பணம் புறப்படும் முன்பே அதைக் கேளுங்கள். வாங்குபவர் கையில் 26 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை வந்துவிட்டால் வருமான வரியில் அவர் சார்பு நிறுவனம். அவருக்கு விற்கும் தேயிலையின் விலை சந்தை விலையை ஒத்திருக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்காயர் அறிக்கை கொடுக்க வேண்டும். குன்னூரின் வார ஏல விலைத் தாள்கள் அதற்கு நல்ல ஆதாரம். வாரம் தவறாமல் சேர்த்து வையுங்கள்.

நிலத்தில் கை வைக்கும் முன் நிற்கவும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஓசிஐ அட்டைக்காரரும், வெளிநாட்டில் வாழும் இந்தியரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்கு மட்டும் தடையில்லை. சிங்கப்பூர் உறவினர் பணத்தில் இங்குள்ளவர் பேரில் பத்திரம் போடுவது பினாமிச் சட்டத்தில் போய் முடியும். கூடலூர்ப் பக்கம், பழைய ஜன்மி முறையில் இருந்து வந்து உரிமை தீராமல் கிடக்கும் ஜன்மம் நிலச் சிக்கல் தனி. மரம் வெட்ட, கட்டடம் எழுப்ப மலைப்பகுதிக்கென்றே விதிகள் உண்டு. ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இல்லாத கட்டடத்தில் எந்த முதலீட்டாளரும் பணம் போட மாட்டார். நில உச்சவரம்பில் விலக்குப் பெற்ற தோட்டத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் அந்த விலக்கும் போகும்.

ஆகவே நாங்கள் பரிந்துரைப்பது ஒரே அமைப்பு: நிலம் சிறு விவசாயி கையிலேயே இருக்கட்டும், அந்நிய முதலீடு பதப்படுத்தும் நிறுவனத்தில் மட்டும் வரட்டும், இரண்டுக்கும் நடுவே இலை வழங்கும் ஒப்பந்தம். இலைக்குக் கொடுக்கும் விலை, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலைக்குக் குறையக் கூடாது, இத்தனை நாளுக்குள் பட்டுவாடா என்று அதில் எழுதுங்கள். முதலீட்டாளர் விலகிப் போனாலும் ஊரின் நிலம் ஊரில் நிற்கும். இலைக் கணக்கும் விவசாயி பெயரோடு தெளிவாக இருப்பதால் விளைந்த நாட்டுச் சான்றுக்கும் அதுவே துணை.

ஆண்டு நாள்காட்டி ஒன்றை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மார்ச் கடைசி வாரம் புது எல்யூடி; ஏப்ரல்–ஜூன் ஐஇசி உறுதி; அந்நியப் பங்கு இருந்தால் ஜூலை 15-க்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்எல்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்து–பொறுப்பு அறிக்கை. ஒவ்வொரு கண்டெய்னருக்கும் தனிக் கோப்பு: இலை ஏட்டின் நகல், ஆய்வகச் சான்று, ஷிப்பிங் பில், கப்பல் ரசீது, விளைந்த நாட்டுச் சான்று, வங்கியின் பணவரவுச் சான்று. சரக்கு போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்தும் அந்த நாட்டுச் சுங்கம் சரிபார்க்கச் சொல்லி எழுதலாம் என்பதால், கோப்பை 5 ஆண்டுக்குக் குறையாமல் ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஆடி மழையில் மலையூர் அலமாரியில் தாள்கள் எப்படிப் பூத்துப்போகும் என்பது தெரியும், ஸ்கேன் நகலும் இருக்கட்டும்.